கதவு மட்டும் பாக்கி

2 ஜூன் 1943, புதன்

ஆணி வந்துவிட்டது!

சுங்கைப் பட்டாணியில் ஆ செங் தவுக்கேயின் இரும்புக் கடைக்கு முன்பக்கமாகப் போனால் ஒரு மண்வெட்டிப் பிடியும் பூனையும்தான் இருக்கும். பின்பக்கம் கோழிக்கூண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது ஆண்டவருக்கும் தவுக்கேக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இரண்டு டின் செம்பனை எண்ணெய் கொடுத்தேன், ஒரு சாக்கு ஆணி கொடுத்தார். "தங்காச்சி கேட்டா இல்லேன்னு சொல்ல முடியாதுலா" என்று சிரித்தார். அந்தச் சாக்கின்மேலேயே உட்கார்ந்து மாட்டு வண்டியில் எங்கள் பாடாங் மேஹா ரப்பர் தோட்டம் வரை வந்தேன். குத்தாத இடம் இல்லை. ஆனாலும் ராணி மாதிரிதான் இருந்தது.

வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது ஸ்டோர் கணக்கு எழுதும் பழைய கிராணியும் கூடவே ஓடிவிட்டார். டைப் அடிக்கும் பெண்ணான என்னிடம் ஸ்டோர் சாவி வந்து சேர்ந்தது. இப்போதைய ஜப்பான்காரர் ஒகுமுரா துரைக்கு ஒரே பைத்தியம், குளியல் விடுதி. பங்களா மேட்டில் இரண்டு அறை, ஒரு வராந்தா, கழுத்து வரைக்கும் வெந்நீரில் உட்கார, அடியில் இரும்புத் தகடு பதித்த ஒரு மரத்தொட்டி. பெரிய பெரிய ராணுவ அதிகாரிகள் வந்து ஊறப் போகிறார்களாம். இந்த வெயிலில்! கேட்டதிலிருந்து எனக்கு வேர்க்கிறது.

கட்டுவது ஆறு பேர். தலைமைத் தச்சர் ஜெரார்ட். அவர் சாக்கில் கைவிட்டு ஓர் ஆணியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "துருவே இல்ல" என்றார். ஆணியைப் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்கு ஆணி, எண்ணெய், தவுக்கே எல்லாம் மறந்துபோயிற்று.

6 ஜூன், ஞாயிறு

ஜெரார்டின் அம்மா வந்து என்னைக் கேட்டுவிட்டார்! அப்பா சரி என்று சொல்லிவிட்டார்! மருந்து இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸ்ஸராக இருந்து இருந்து சிரிப்பையே மறந்துபோன மனிதர், இன்று வாய்விட்டுச் சிரித்தார்.

கோயிலில் மூன்று ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கேட்பார்கள். சாமியாருக்கோ மாதத்துக்கு ஒரு தடவைதான் பயண பாஸ் கொடுக்கிறார்கள். ஆகவே மூன்று ஞாயிறு என்றால் மூன்று மாதம். "மூனு மாசமா?" என்று ஜெரார்ட் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் அடக்க ஒடுக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் எனக்கும் அதே முகம்தான்.

9 ஜூன், புதன்

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தர்மலிங்கம் ஸ்டோருக்கு வந்தார். சாமான் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றார்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் அனுப்பும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. லாரி வந்து நின்றால் யார் யார் ஏற வேண்டும் என்று அவர்தான் பெயர் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. சொல்லாவிட்டால் அவரே ஏற வேண்டும். ஏப்ரல் மாதம் போன லாரியில் களை வெட்டும் மருதம்மாளின் புருஷன் அம்மாசி போனார். போன யாரும் திரும்பவில்லை. ஒரு கடுதாசியும் இல்லை.

"அந்த ஆறு பேரும் கையில செவப்புத் துணி கட்டியிருக்காங்களே, அது இருந்தா லாரியில ஏத்த மாட்டாங்க, ஆனா அது விடுதி வேல நடக்குற வரைக்கும்தான் தங்கச்சி" என்றார். "கதவ மாட்டிச் சாத்துன அன்னிக்கு வேல முடிஞ்சிச்சுன்னு கணக்கு. துணிய அவுத்துருவாங்க. அடுத்த லாரி அவுங்களுக்குத்தான். தொர எங்கிட்ட சொல்லிட்டாரு. ஒன் காதுல போட்டு வைக்கலாம்னுதான் வந்தேன்."

ஜெரார்டும்தானா என்று கேட்கவில்லை. ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான்.

நான் என்ன செய்திருக்கிறேன்? ஓடி ஓடி ஆணி வாங்கினேன். வண்டியில ராணி மாதிரி வந்தேனே — அடிப் பாவி, அவரை லாரியில ஏத்துற வேலையத்தானடி இத்தன நாளும் பார்த்திருக்க! யார்கிட்ட போய்ச் சொல்ல? மாதாவே.

10 ஜூன், வியாழன்

அழுது முடித்தாயிற்று. சாமான் இல்லாமல் எந்தக் கட்டடமும் முடியாது. சாமான் வாங்குவது யார்? நான். யோசி, பிரிஜெட்.

14 ஜூன், திங்கள்

யோசித்துவிட்டேன்!

வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஒரு டஜன் துடைப்பம் வாங்குவதற்குக்கூட மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். மூன்றையும் டைப் அடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாதிரி வாங்கிப் பார்த்து, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் ஆர்டர். துடைப்பம் வருவதற்குள் குப்பை மக்கி உரமாகிவிடும். அந்த முறையை நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! இன்று அதற்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கலாம் போலிருக்கிறது.

ஒகுமுரா துரை முன்னால் போய்க் குனிந்து நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பான் பாஷையையும் அவருக்குத் தெரிந்த அரைகுறை மலாயையும் கலந்து பேசினோம். ஒரே கடையில் வாங்கினால் அவன் ஏமாற்றுவான், மூன்று கடையில் விலை கேட்டால் ஒருத்தனுக்குப் பயந்து இன்னொருத்தன் ஒழுங்காக இருப்பான் என்று விளக்கினேன். "தீகா கெடாய், தீகா ஹார்கா, துவான்" என்று மூன்று விரலைக் காட்டினேன். அவர் அந்த மூன்று விரலையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.  திடீரென்று அவரும் மூன்று விரலைத் தூக்கி, "தீகா!" என்று மேசையில் ஓங்கித் தட்டினார். ஒழுங்கு, முறை என்றால் அந்த மனிதருக்கு அவ்வளவு ஆசை.

இனிமேல் சுண்ணாம்பு, தகரம், கீல், தாழ்ப்பாள் எதுவானாலும் மூன்று விலை. மூன்று கடையும் மூன்று ஊரில் இருக்க வேண்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். சுங்கைப் பட்டாணி, கூலிம், பண்டார் பாரு. பண்டார் பாருவுக்கு மாட்டு வண்டி போய்த் திரும்ப ஒரு வாரம். மாடும் நல்ல மாடு இல்லை.

ஸ்டோருக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுற்று ஆடினேன். மண்ணெண்ணெய் டின் ஒன்று உருண்டது. காலி டின்தான்.

21 ஜூன், திங்கள்

துரை ஒவ்வொரு நாளும் காலையில் "சுடா?" என்கிறார். முடிந்ததா என்று. நான் "பெலும், துவான்" என்கிறேன். இன்னும் இல்லை என்று. மலாய் மொழியில் இவ்வளவு அழகான சொல் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

26 ஜூன், சனி

ஐயோ, எல்லாம் வருகிறது!

ஊருக்கெல்லாம் தட்டுப்பாடு, எனக்கு மட்டும் கொட்டுகிறது. ஆ செங் தவுக்கேயிடம் சுண்ணாம்புக்கு விலைதான் கேட்டேன். மனிதர் சுண்ணாம்பையே அனுப்பிவிட்டார். கூடவே ஆளிடம் ஒரு வார்த்தை, "தங்காச்சிக்குக் கல்யாணமாமே, வேலை சீக்கிரம் முடியட்டும்லா." பண்டார் பாரு கடைக்காரர் நான் முகத்தையே பார்த்திராதவர். தகரத்துக்கு விலை எழுதியதோடு விடாமல், இந்தப் பக்கம் காலியாக வந்த ஒரு ராணுவ லாரியில் தகரத்தையும் ஏற்றி விட்டிருக்கிறார். விலைச்சீட்டோடு திரும்பும் மாடு பாதி வழி கூட வரவில்லை. சாமான் வந்து இறங்கிவிட்டது.

இதெல்லாம் போதாதென்று மருதம்மாள் அக்கா. களை வெட்டும் பெண்களைக் கூட்டிக்கொண்டு, இடிந்த கொட்டகைகளில் இருந்த கோணல் ஆணிகளையெல்லாம் பிடுங்கி வந்து, ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து கல்லால் தட்டி நிமிர்த்துகிறார்கள். டக் டக் டக். "நீ ஆணிக்கு அலையிறியேன்னுதான் புள்ள" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு. நன்றியில் என்று நினைத்துக்கொண்டாள்.

28 ஜூன், திங்கள்

ஜெரார்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சயாமையும் லாரியையும் சொன்னபோது உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "அதனால மெதுவா செய்ங்க, கொஞ்சம் கோணலா அறுங்க, ரெண்டு தடவ அறுக்கலாம்" என்றேனே, அப்போதுதான் கோபம் வந்தது!

"கோணலா அறுக்கவா? எங்கைக்கு வராது பிரிஜெட்."

"உசுரு பெருசா, ரம்பம் பெருசா?"

"நீ என்னா வேணா சொல்லு. எங்கைக்கு வராது."

விறுவிறுவென்று போய்விட்டார். போகட்டும். சயாமிலும் போய் நேராகவே அறுக்கட்டும்.

29 ஜூன், செவ்வாய்

சாயங்காலம் வந்தார். இரண்டு மரச்சட்டங்களை ஒரு மூலையாக ஒன்றோடொன்று கோத்து எடுத்து வந்திருந்தார். ஓர் ஆணி கிடையாது. பிரிக்கவே முடியவில்லை.

"கெட்ட வேல செய்யத் தெரியாது" என்றார். "ரொம்ப நல்ல வேல செய்யலாம்ல? ஒரு மூலைக்கு மூனு நாளு புடிக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரும் சிரித்தார். துரை அந்த மூலையைப் பார்த்துவிட்டு விரலால் தடவித் தடவி, எல்லா மூலையும் இப்படியே இருக்க வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டார். கட்டடத்துக்கு எத்தனை மூலை! ஆண்டவரே, உமக்கு நன்றி.

கெட்டதாக வாங்கத் தெரியாத நான், கெட்டதாகச் செய்யத் தெரியாத அவர். நல்ல ஜோடி.

4 ஜூலை, ஞாயிறு

முதல் ஓலை. சாமியார் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சத்தமாகப் படித்தார். காதெல்லாம் சூடு. தடை சொல்ல யாரும் எழவில்லை. ஜெரார்ட் ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்து, பூசை முடிந்ததும் அவர் அம்மாவிடம் ஒரு கிள்ளு வாங்கினார்.

12 ஜூலை, திங்கள்

மூலை வேலைக்கு ஆணி தேவையில்லை என்று சொன்ன பிறகும் மருதம்மாள் அக்கா விடவில்லை. விடிந்தால் டக் டக் டக். ஏன் அக்கா என்று இன்று கேட்டேன்.

"விடுதி சீக்கிரம் முடிஞ்சா தொர மனசு குளுந்து, அம்மாசியத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதுவாராம். மண்டோர் சொன்னாரு."

மண்டோரிடம் ஓடினேன். அவர் தரையைப் பார்த்தார். "தெனமும் வந்து கேட்டுக்கிட்டே நின்னுச்சு தங்கச்சி. ஏதாச்சும் சொல்லணுமேன்னு சொல்லிட்டேன்."

நானே போய்ச் சொன்னேன். துரை எழுத மாட்டார் என்பதைச் சொன்னேன். கதவு சாத்தினால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன். அக்கா கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தன் லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று எனக்கு எதற்கும் சிரிப்பு வரவில்லை.

13 ஜூலை, செவ்வாய்

விடியற்காலையில் மறுபடியும் டக் டக் டக். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்னது புரியவில்லையா? ஓடிப் போய்ப் பார்த்தால், அக்கா நிமிர்த்தி வைத்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் வளைத்துக்கொண்டிருக்கிறாள்! பெண்கள் எல்லோரும் ரொம்ப மும்முரம். துரை மேட்டிலிருந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"போனவன நிறுத்த முடியல" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். "இருக்குறவனுங்களாவது இருக்கட்டும்."

கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "தள்ளு புள்ள, வெரல்ல அடிச்சிக்குவேன்" என்றாள்.

1 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாவது ஓலை. விடுதிக்கு நான்கு சுவரும் கூரையும் வந்துவிட்டன, எவ்வளவுதான் இழுப்பது. ஆனால் கதவு வரவில்லை! கதவுக்குக் கீல் வேண்டும், கீலுக்கு மூன்று விலை வேண்டும், மூன்றாவது விலை பண்டார் பாருவிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

நிஜக் கதவை ஜெரார்ட் போன மாதமே செய்து முடித்துவிட்டார். கை சும்மா இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மெரந்திப் பலகையில் வழுவழுவென்று அப்படி ஒரு கதவு. ஸ்மோக் ஹவுஸில், புகை போட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறோம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவுக்குப் பயந்து கதவையே ஒளித்தவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

24 ஆகஸ்ட், செவ்வாய்

என் புத்தியை என்ன சொல்ல.

அளவுக்கு மீறி இழுத்துவிட்டேன். ஐந்து நாளாக ஒரு சாமானும் கொடுக்கவில்லை. ஆறு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். துரை பார்த்துவிட்டார். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அறைந்தார். ஆறு பேர் எதற்கு, ஐந்து போதும் என்று கடைசியில் நின்ற கொத்தனார் இருளப்பன் அண்ணன் கையிலிருந்து சிவப்புத் துணியைப் பிடுங்கினார். ஆள் பிடிக்க வந்து நின்ற லாரியில் அவரையும் ஏற்றிவிட்டார்கள். அவர் பெண்சாதி ரோட்டில் உருண்டு அழுதாள்.

என்னாலதான். சாமான் தராம இருந்தது நான்தான். ரொம்பக் கெட்டிக்காரின்னு நெனச்சேன்ல?

25 ஆகஸ்ட், புதன்

 நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிடித்தவர்களை ஒரு நாள் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் வைத்திருந்து அடுத்த நாள் மத்தியான ரயிலில் ஏற்றுவார்கள் என்று மண்டோர் சொன்னார். விடிந்ததும் ஸ்டோரைத் திறந்து, சாமான் வேண்டும் என்று எழுதிக் கேட்கும் இண்டென்ட் தாளை டைப்ரைட்டரில் செருகினேன். பொருள் என்ற இடத்தில் "ஆள்" என்று அடித்தேன். அளவு: ஒன்று. விவரம்: மரத்தொட்டிக்குக் கீழே புகையாமல் எரியும் அடுப்பு கட்டத் தெரிந்தவர், பெயர் இருளப்பன். அவசரம்.

துரையிடம் நீட்டினேன். அடுப்பு இல்லாவிட்டால் தொட்டி வெறும் தொட்டிதான், அதிகாரிகள் பச்சைத் தண்ணீரில்தான் உட்கார வேண்டும் என்றேன். அவர் தாளைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்து மூன்று விரலைத் தூக்கினார். "தீகா?"

 நானே வைத்த வழக்கம்! அப்புறம் வாய் தானாகப் பேசியது. "தோட்டத்தில் மூன்று கொத்தனார் இருந்தார்கள், துவான். இரண்டு பேரை ஏற்கெனவே சயாமுக்கு அனுப்பிவிட்டீர்கள். மீதி இந்த ஒன்றுதான்."

உண்மை அதுதான். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. துரை முத்திரையை எடுத்துக் குத்தினார்.

கரியில் ஓடும் எங்கள் தோட்டத்து லாரி ஒவ்வொரு மேட்டிலும் நின்றது. மேட்டுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே போனேன். ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. தகரப் பெட்டிகள், அதற்குள் ஆட்கள். காவலில் நின்ற ஜப்பான் சிப்பாயிடம் முத்திரை குத்திய தாளைக் காட்டினேன். முத்திரையைப் பார்த்ததும் அவன் விறைப்பாகிவிட்டான். அதைக் கண்டு எனக்குத் தைரியம் வந்து, ஸ்டோர் கிராணிக் குரலில், "சரக்கைப் பார்த்துத்தான் எடுப்பேன்" என்றேன். ஒவ்வொரு பெட்டியாகக் கூட்டிப் போனான். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கண்கள் என்னையே பார்த்தன. எல்லோருக்கும் எழுத என்னிடம் தாள் இருந்தது. முத்திரை ஒன்றுதான் இருந்தது. அந்தக் கண்களை நான் மறக்க மாட்டேன்.

ஐந்தாவது பெட்டியில் இருளப்பன் அண்ணன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன். "ஒன்று. கன்னம் வீங்கியுள்ளது. மற்றபடி நல்ல நிலை."

திரும்பும் வழியில் அண்ணன் அந்தத் தாளை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னயும் சாமானாக்கிட்டியேம்மா" என்றார். "சொல்லு, சாக்குக் கணக்கா, டஜன் கணக்கா?" இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம், லாரி நின்றபோதெல்லாம் இறங்கித் தள்ளினோம்.

5 செப்டம்பர், ஞாயிறு

சாமியார் வரவில்லை. பாஸ் கொடுக்கவில்லையாம். மூன்றாவது ஓலையும் பெலும்.

13 செப்டம்பர், திங்கள்

பாடம் படித்துக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு நாளும் ஆறு பேருக்கும் வேலை உண்டு, சாமானும் உண்டு, முடிவுதான் இல்லை. இருளப்பன் அண்ணன் அடுப்பு கட்டினார். புகைந்தது. இடித்துக் கட்டினார். இன்னும் கொஞ்சம் புகைந்தது. "இது ரொம்ப நுணுக்கமான அடுப்பு" என்று துரைக்கு மிக மரியாதையாக விளக்கினேன். "நீ சாமான் வாங்குற பொண்ணா, வாங்காம பார்த்துக்குற பொண்ணா?" என்று அப்பா கேட்டார். இரண்டும்தான் அப்பா.

27 செப்டம்பர், திங்கள்

சாக்குப்போக்கு தீர்ந்துவிட்டது. ஜெனரல் ஒருவர் அடுத்த மாதம் வருகிறாராம். துரை விடுதியைச் சுற்றி வந்தார். சுவர் உண்டு, கூரை உண்டு, தொட்டி உண்டு, அடுப்பும் பாழாய்ப்போன நேரம் பார்த்துப் புகையாமல் எரிந்தது. வெற்று நிலைப்படி முன்னால் வந்து நின்றார். பண்டார் பாரு விலை இன்னும் வரவில்லை என்றேன். "தீகா, ஹாபிஸ்!" என்று கத்தினார். இனி மூன்று கிடையாது. பதினைந்தாம் தேதி கதவு மாட்டி அவர் முன்னால் சாத்த வேண்டும்.

3 அக்டோபர், ஞாயிறு

மூன்றாவது ஓலை வாசித்தாயிற்று. தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார் சாமியார். எனக்குத் தெரியும் சாமி. தடைக்குப் பெயர் கதவு.

12 அக்டோபர், செவ்வாய்

கதவை வெளியே எடுத்தோம். மாதக்கணக்காகப் புகையில் காய்ந்து சுருங்கிப் போயிருக்கிறது. நிலையில் வைத்தால் பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி. நான் "அப்படியே விடுங்க" என்று கெஞ்சினேன். "இடைவெளியோட கதவா?" என்று ஜெரார்ட் ஓர் ஓரப் பட்டையை இழைத்துச் சேர்த்து, மயிரிழை பிசகாமல் பொருத்திவிட்டார். சும்மா தொட்டாலே சாத்திக்கொள்கிறது. இந்த மனிதரை நான் என்ன செய்ய!

அவர் கதவைத் தடவிக்கொண்டே சொன்னார், "போறதா இருந்தா ஒழுங்கான கதவ மாட்டிட்டுப் போறேன்."

நான் ஸ்டோருக்குள் போய் அழுதேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

15 அக்டோபர், வெள்ளி

எழுதவே சிரிப்பு வருகிறது, பொறு பொறு.

மூன்று நாளாக விடாத மழை. துரை குடையோடு வந்தார். ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். துணியை அவிழ்ப்பதற்கு மண்டோர் தயாராக நின்றார், அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஜெரார்ட் கதவைத் தள்ளினார்.

கதவு சாத்தவில்லை.

மறுபடி தள்ளினார். நிலையில் முட்டி நின்றது. துரை தள்ளினார். மண்டோர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். இருளப்பன் அண்ணனும் வந்து தள்ளினார், எவ்வளவு பலமாகத் தள்ளினார் என்பது வேறு விஷயம். புகையில் எலும்பாகக் காய்ந்த பலகை, மூன்று நாள் ஈரத்தைக் குடித்து உப்பிப்போய்விட்டது! அவர் சேர்த்த அந்தப் பட்டை வேறு!

ஜெரார்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் செய்த வேலை தப்பாகப் போய்விட்டது. துரை பளாரென்று அறைந்தார். அந்த அறைகூட அவருக்கு உறைக்கவில்லை, கதவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை போட்ட கணக்குப்படி கதவு சாத்தினால்தான் வேலை முடியும். சாத்தவில்லை. காயவைத்துச் சரிசெய்து இருபதாம் தேதி காட்ட வேண்டும் என்று உறுமிவிட்டுப் போனார்.

"சொல்லக்கூடாது பிரிஜெட், யார்கிட்டயும் சொல்லக்கூடாது, மானம் போயிரும்" என்கிறார் ஜெரார்ட். மருதம்மாள் அக்கா லயம் முழுக்கச் சொல்லியாயிற்று.

20 அக்டோபர், புதன்

ஒரு கதை போல இருக்கிறது. திங்கட்கிழமை கெடா மாநிலத்தையே ஜப்பான்காரர்கள் சயாமுக்குக் கொடுத்துவிட்டார்களாம். சுங்கைப் பட்டாணியில் சயாம் கொடி பறக்கிறது என்று ஆ செங் தவுக்கே சொல்லி அனுப்பினார். சயாமுக்குப் போகாமல் இருக்க நாங்கள் பட்ட பாடு என்ன! கடைசியில் சயாமே கிளம்பி எங்களிடம் வந்துவிட்டது.

ஒகுமுரா துரைக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஜெனரல் வரவில்லை. பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு, ஏறப் போனவர், மேட்டைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் "சுடா?" என்றார்.

"பெலும், துவான்" என்று நன்றாகக் குனிந்து சொன்னேன்.

இந்த மாதம் ஆள் கேட்டு யாரும் வரவில்லை என்கிறார் மண்டோர். அடுத்த மாதம்? தெரியாது. இந்த மாதம் வரவில்லை.

27 அக்டோபர், புதன்

இன்று காலையில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. சாமியாருக்கு நடுவாரத்தில்கூடப் பாஸ் கொடுத்துவிட்டார்கள்!

ஜெனரல் ஊற வேண்டிய தொட்டியில் மரவள்ளிக்கிழங்குப் பாயசம். தேங்காய்ப்பாலும் கரும்புச் சர்க்கரையும் போட்டு, மருதம்மாள் அக்கா ஒரு துடுப்பை வைத்துக் கிண்டினாள். இருளப்பன் அண்ணனின் அடுப்பு துளி புகையவில்லை, அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டே திரிந்தார். தவுக்கே கோழிக்கூண்டோடு வந்துவிட்டார். அக்கா ஒரு தகரக் குவளை பாயசத்தை மூடித் தனியாக எடுத்து வைத்தாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் சயாம் அதிகாரிக்கு இந்த விடுதி யாருடையது என்று புரியவில்லை.  ஆள் இல்லாத கட்டடம் பாழாகும், கிராணியும் தச்சரும் தங்கிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவின் ஓரத்தை இழைத்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மழை வந்தது. ஜெரார்ட் உள்ளே நின்று கதவை ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

"சுடா?" என்றார்.

"சுடா" என்றேன்.